பெரியப்பாவின் கொட்டேஷன்: உயர்ரக ஆடியோவில் விலையும் கடைக்காரர் பங்கும்

டெக்சாஸில் இருக்கும் பெரியப்பா போன மாசம் எனக்கு ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். டல்லாஸ் பக்கம் ஒரு ஆடியோ ஷோரூம் அவருக்குக் கொடுத்த கொட்டேஷன் அது. ஸ்பீக்கர் ஒரு ஜோடி 5,200 டாலர். ஆம்ப்ளிஃபயர் 3,000. டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் டேக் 1,500. ஸ்பீக்கர் கேபிள் 900. பவர் கேபிள் 400. ஆக மொத்தம் 11,000 டாலர், வரி தனி.

கூடவே ஃபோன். "டேய், முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்தாச்சு. இனிமே உட்கார்ந்து பாட்டு கேக்கணும்னு ஆசை. வாங்கறதுக்கு எனக்குத் தயக்கம் இல்ல. ஆனா இதுல எவ்வளவு கடைக்காரனுக்குப் போகுது? அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

நல்ல கேள்வி. இதைத் தேடிப் போனால் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். ஒரு பக்கம் "பாதிக்குப் பாதி கொள்ளை, எல்லாம் பாம்பு எண்ணெய்" என்று கத்துபவர்கள். இன்னொரு பக்கம் "தரத்துக்கு விலை கொடுக்கத்தான் வேணும்" என்று கண்ணை மூடிக்கொள்பவர்கள். இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் பொதுவாக நாம் கோபப்படும் இடம் அது இல்லை.

முதலில் கணக்கு

மார்ஜின் வேறு, மார்க்அப் வேறு. இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது. கடைக்காரர் 3,000 டாலருக்கு வாங்கி 5,000-க்கு விற்றால் அவருக்கு 2,000 கிடைக்கிறது. விற்ற விலையில் அது 40 சதவீதம், அதுதான் மார்ஜின். வாங்கிய விலையில் அதே 2,000 கிட்டத்தட்ட 67 சதவீதம், அது மார்க்அப். வியாபாரிகள் பேசுவது எப்போதும் மார்ஜின். கோபக்காரர்கள் எடுத்துக் காட்டுவது மார்க்அப்.

அமெரிக்காவில் உயர்ரக ஆடியோ கடைகளின் வழக்கமான மார்ஜின் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சில பிராண்டுகளில் 45, 50 வரை போகும். கேபிளில் 50-க்கு மேல் சர்வசாதாரணம். இது ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை; இந்தத் தொழிலில் இருந்தவர்கள் பலரும் வெளிப்படையாகவே சொல்லிவிட்ட விஷயம்.

பெரியப்பாவின் கொட்டேஷனில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஸ்பீக்கர், ஆம்ப், டேக் மூன்றுக்கும் 40 சதவீதம் என்று வைத்தால் முறையே 2,080, 1,200, 600. கேபிள் இரண்டுக்கும் 55 சதவீதம் என்று வைத்தால் 495, 220. கூட்டினால் 4,595 டாலர். அதாவது 11,000-த்தில் சுமார் 4,600 கடையில் தங்குகிறது. இது என் அனுமானக் கணக்குதான், அந்தக் கடையின் கணக்கேடு இல்லை. ஆனாலும் உண்மைக்கு ரொம்பத் தூரத்தில் இருக்காது.

மிச்சம் 6,400-ம் பொருளுக்குத்தான் போகிறதா என்றால், அதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஆராய்ச்சி, சம்பளம், வாரண்டி, கண்காட்சி, விளம்பரம், தன் லாபம் எல்லாவற்றையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். உதிரிபாகச் செலவைப் போல நாலைந்து மடங்கு கடைவிலை என்பது இந்தத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு. 5,000 டாலர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், அலுமினியப் பெட்டி எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலர் பெறும். அந்த அலுமினியப் பெட்டிதான் அதில் பெரிய செலவாகவும் இருக்கும்; சின்ன எண்ணிக்கையில் மில்லிங் செய்த முகப்புப் பலகை மலிவாகக் கிடைக்காது.

நாடு கடந்து போனால் இன்னும் ஒரு ஆள் நடுவில் வருவார். இறக்குமதி செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர். அவர் பங்கு, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் கடைக்காரர் பங்குக்குக் கீழே சேரும். கடைக்காரரின் 40 சதவீதம் அவை எல்லாவற்றின் மேலும் ஏறும். அதனால்தான் ஒரே ஸ்பீக்கர் பிறந்த ஊரில் ஒரு விலையும் வந்த ஊரில் வேறு விலையுமாக இருக்கிறது.

அந்த 40 சதவீதம் எங்கே போகிறது?

"நாப்பது பர்சென்ட்டா!" என்று வாயைப் பிளப்பதற்கு முன் ஒரு கடையை மனசுக்குள் நடத்திப் பாருங்க. வருஷம் 10 லட்சம் டாலர் விற்பனை. மார்ஜின் 4 லட்சம். 3,000 சதுர அடி இடம், சதுர அடிக்கு வருஷம் 30 டாலர் என்றால் வாடகை 90,000. முதலாளியையும் சேர்த்து மூணு பேருக்குச் சம்பளம், அதன் மேல் வரி எல்லாம் சேர்த்து 2 லட்சம். கிரெடிட் கார்டு கட்டணம் 25,000. டெமோவுக்குத் திறந்து வைத்த பெட்டிகள் பழசாவதில் 30,000. இன்சூரன்ஸ், கரண்ட், விளம்பரம், வேன் 25,000. மிச்சம் 30,000. சரக்கு வருஷத்துக்கு இரண்டு தடவைதான் சுழல்கிறது என்றால், எந்நேரமும் 3 லட்சம் டாலர் முதல் அலமாரியில் தூங்குகிறது. அதற்கு 8 சதவீத வட்டி போட்டால் 24,000. கையில் நிற்பது 6,000.

எண்களை நீங்கள் உங்கள் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம். வடிவம் மாறாது. காஸ்ட்கோவில் ஒரு பொருள் மேல் 14 சதவீதத்துக்கு மேல் மார்க்அப் வைப்பதில்லை என்பது பிரபலமான விதி. அவர்களுடைய சொந்த பிராண்டுக்கு மட்டும் 15. ஆனால் அங்கே சரக்கு சுமாராக மாசம் ஒரு தடவை காலியாகிறது. யாரும் மூணு மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து அரிசி மூட்டையை ஆடிஷன் செய்வதில்லை.

இன்னொன்று. பேரம் பேசுபவர்கள் கவனிக்க வேண்டியது. 5,000 டாலர் ஆம்ப்ளிஃபயரில் 10 சதவீதம் குறைத்தால் வாங்குபவருக்கு 500 மிச்சம். கடைக்காரரின் பங்கு 2,000-த்திலிருந்து 1,500 ஆகிவிடும். உங்களுக்கு "பத்து பர்சென்ட்தானே", அவருக்குக் கால் பங்கு.

ஆக, கடை என்று ஒன்று இருந்து, அதில் கேட்கும் அறை என்று ஒன்று இருந்து, அங்கே விவரம் தெரிந்த ஆள் ஒருவர் இருக்க வேண்டுமென்றால் 40 சதவீதம் அநியாயம் இல்லை. இது வரைக்கும் நான் கடைக்காரர் கட்சி.

விலையைக் கட்டிப்போடும் கலை

அடுத்த கேள்வி: பக்கத்துக் கடைக்காரர் 30 சதவீத மார்ஜினுக்கு ஏன் விற்பதில்லை? போட்டி என்று ஒன்று இருக்கணுமே?

இருக்க விடுவதில்லை. உயர்ரக பிராண்டுகள் ஒரு ஊருக்கு, ஒரு வட்டாரத்துக்கு ஒரு டீலர் என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். விளம்பரத்தில் இந்த விலைக்குக் கீழே போடக்கூடாது என்று ஒரு கொள்கை. மீறினால் சரக்கு வராது.

இது சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நூறு வருஷக் கதை இருக்கிறது. 1911-ல் டாக்டர் மைல்ஸ் வழக்கில், தயாரிப்பாளர் கடைக்காரரோடு ஒப்பந்தம் போட்டுக் குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பது சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். 1919-ல் கோல்கேட் வழக்கில் ஒரு சந்து திறந்தது: ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், "என் விலையை மதிக்காதவருக்கு நான் விற்க மாட்டேன்" என்று தயாரிப்பாளர் தானாக முடிவெடுத்தால் அது அவர் இஷ்டம். நடுவில் 1937 முதல் மாநிலங்களின் 'ஃபேர் டிரேட்' சட்டங்களுக்கு மத்திய அரசே வழிவிட்டது. 1975-ல் காங்கிரஸ் அதை ரத்து செய்தது. அதே 1975-ல் மத்திய வர்த்தக ஆணையம் பயனியரின் அமெரிக்க நிறுவனத்தின் மேல், டீலர்களின் விலையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. 1992-ல் அந்த உத்தரவையும் தளர்த்தியது.

கடைசியாக 2007. லீஜின் என்ற தோல்பொருள் நிறுவனம், தன் கைப்பைகளை 20 சதவீதம் தள்ளுபடியில் விற்ற டெக்சாஸ் கடை ஒன்றுக்குச் சரக்கை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 5-க்கு 4 என்ற கணக்கில் டாக்டர் மைல்ஸ் தீர்ப்பே கவிழ்ந்தது. குறைந்தபட்ச விலை ஒப்பந்தம் தன்னளவில் குற்றம் இல்லை, ஒவ்வொரு வழக்கிலும் நன்மை தீமையை எடைபோட வேண்டும் என்று ஆனது. இதை ஏற்காமல் மேரிலாந்து மாநிலம் 2009-ல் தனக்கென்று ஒரு தடைச் சட்டம் போட்டுக்கொண்டது.

பெரும்பான்மைத் தீர்ப்பு ஏற்றுக்கொண்ட முக்கிய வாதம் ஒன்றுதான். இலவசச் சவாரி. ஒரு கடை செலவு செய்து காட்சி வைக்கும், விளக்கிச் சொல்லும். வாடிக்கையாளர் அதையெல்லாம் அங்கே வாங்கிக்கொண்டு, செலவே செய்யாத மலிவுக் கடையில் போய்ப் பொருளை வாங்குவார். காலப்போக்கில் காட்சி வைக்க யாரும் இருக்க மாட்டார்கள். கைப்பைக்கு இது எவ்வளவு பொருந்துமோ தெரியாது, ஸ்பீக்கருக்கு அப்படியே பொருந்தும்.

ஐரோப்பா இந்த வாதத்துக்கு மயங்கவில்லை. 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஆசுஸ், பிலிப்ஸ், பயனியர், டெனான் & மராண்ட்ஸ் நாலு நிறுவனங்களுக்கும் சேர்த்து 11 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. ஆன்லைன் கடைகளைக் குறைந்த விலைக்கு விற்க விடாமல் தடுத்தது குற்றம். டெனான் & மராண்ட்ஸ் பங்கு சுமார் 77 லட்சம் யூரோ, பயனியர் பங்கு சுமார் 1 கோடியே 2 லட்சம். விசாரணையில் வெளிவந்த ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பல ஆன்லைன் கடைகள் போட்டியாளர் விலையைப் பார்த்துத் தானாக விலையை மாற்றும் மென்பொருள் வைத்திருந்தன. அதனால் மலிவாக விற்கும் ஒரே ஒரு கடையை மிரட்டி விலையை ஏற்றினால் போதும், மற்ற கடைகள் தானாக ஏறிவிடும்.

பாருங்க, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அபராதம், இந்தப் பக்கம் 'கொள்கை'. இரண்டு பக்கத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. கேட்கும் அறைக்குச் சம்பளம் வேண்டும் என்பது நியாயம். ஆனால் கேட்கும் அறையே இல்லாத ஆன்லைன் கடையிலும் அதே விலை இருக்கும்போது, இல்லாத அறைக்கு நான் வாடகை கட்டுகிறேன் என்பதும் நியாயம்தான்.

கேபிள் என்னும் அட்சய பாத்திரம்

இப்போது கோபப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம்.

பெரியப்பா கொட்டேஷனில் கேபிள் இரண்டும் சேர்த்து 1,300 டாலர். பில்லில் 12 சதவீதம். கடை மார்ஜினில் அது 715 டாலர், கிட்டத்தட்ட 16 சதவீதம். ஸ்பீக்கருக்கு அறை வேணும், இடம் வேணும், தூக்க ஆள் வேணும். கேபிள் ஒரு இழுப்பறையில் அடங்கிவிடும், பழசாகாது, ரிப்பேருக்கு வராது. 1979 வாக்கில் மான்ஸ்டர் கேபிள் இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்ததிலிருந்து கடைக்காரர்களுக்கு இது தெரியும். டி.வி.யில் கிடைக்காத லாபத்தை ஒயரில் எடுப்பது என்பது அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் கடைகளின் பாலபாடம்.

அந்த ஒயர் என்ன செய்கிறது? 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், நம்ம வீட்டில் ஏ.சி. பாயிண்ட்டுக்கு இழுக்கிறோமே அதே அளவு, மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம் தடை கொண்டது. ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் போகவர 6 மீட்டர், மொத்தம் 0.048 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் இந்த ஒயரால் குறையும் ஒலி 0.05 டெசிபல். சில அலைவரிசைகளில் ஸ்பீக்கரின் மின்தடை 3 ஓம் வரை இறங்கினாலும் இழப்பு 0.14 டெசிபல்தான். நீங்கள் நாற்காலியில் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே இதைவிட அதிகம் மாறும். 900 டாலர் கேபிள் இந்த 0.05-ஐப் பாதியாக்கலாம். ஆக்கட்டுமே.

2007-ல் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். 12 அடி ஜோடி 7,250 டாலருக்கு விற்ற பியர் நிறுவனத்தின் ஆன்ஜூ கேபிளுக்கும் சாதாரணக் கேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தை, கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கண்டுபிடித்தால் 10 லட்சம் டாலர். ஒரு பிரபல விமர்சகர் முன்வந்தார். கேபிள் நிறுவனம் பின்வாங்கியது, சோதனை நடக்கவே இல்லை. இதை வைத்து யாரும் எதையும் நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேபிள் நிறுவனத்துக்கு இதைவிட மலிவான விளம்பரம் வாழ்க்கையில் எப்போது கிடைக்கும்?

காது கேட்பதும் கண் கேட்பதும்

"காதுதான் நீதிபதி, கேட்டு முடிவு பண்ணுங்க" என்பார்கள். சரியான யோசனை மாதிரி இருக்கும். சிக்கல் என்னவென்றால் கண்ணைத் திறந்துகொண்டு கேட்கும்போது நீதிபதி காது இல்லை.

1994-ல் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நாலு ஸ்பீக்கர். ஒரு தடவை திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு தடவை கண்முன்னே வைத்து. திரை விலகியதும் மதிப்பெண்கள் இடம் மாறின. பெரிதாக, விலை கூடியதாகத் தெரிந்தவை ஏறின. சின்னதாக, பிளாஸ்டிக்காக இருந்த மலிவு செட், திரைக்குப் பின்னால் வாங்கிய மார்க்கை இழந்தது. சோதிக்கப்பட்டவர்கள் அந்த ஒலி நிறுவனத்தின் ஊழியர்கள் என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டார். அலைவரிசைச் சமன்பாட்டுக்கும் விலைக்கும் தொடர்பு இல்லை என்பதையே கட்டுரைத் தலைப்பாக வைத்துவிட்டார். ஹெட்ஃபோனில் வசதி, உழைப்பு, கட்டுமானம் எல்லாம் விலையோடு கூடலாம். ஆனால் ஒலியின் அடிப்படையான ஒரு குணம் கூடவில்லை.

பொருளாதாரத்தில் இது பழைய விஷயம். டிபோர் சிடோவ்ஸ்கி 1940-களிலேயே எழுதினார்: தரத்தைத் தானே சோதிக்க முடியாத இடத்தில் வாங்குபவர் விலையையே தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வார். அப்புறம் விற்பவருக்கு விலையைக் குறைக்கக் காரணமே இருக்காது. குறைத்தால் "இதுல ஏதோ சிக்கல் இருக்கு" என்று ஆகிவிடும்.

இதன் உச்சக்கட்டம் 2010-ல் நடந்தது. லெக்ஸிகான் பி.டி.-30 என்ற புளூ-ரே பிளேயர், விலை 3,500 டாலர். ஆடியோஹாலிக்ஸ் தளத்தார் மூடியைத் திறந்தார்கள். உள்ளே 499 டாலர் ஓப்போ பி.டி.பி.-83. வெறும் சர்க்யூட் போர்டு மட்டும் இல்லை. ஓப்போவின் தகரப் பெட்டியோடு அப்படியே தூக்கி உள்ளே வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. மார்ஜின் 40-ஆ 50-ஆ என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, அதற்கு முந்தின கட்டத்திலேயே ஏழு மடங்கு ஏறிவிட்டது.

என் விமர்சனம் இங்கேதான். கடைக்காரர் பங்கு பெரிது என்பது எனக்குக் குறையே இல்லை. விலை எப்படி அமைகிறது என்பதை மறைத்து, அதன் மேல் 'ஒலித்தரம்' என்று ஒரே ஒரு லேபிளை ஒட்டுவதுதான் குறை. 5,200 டாலரில் இவ்வளவு பொருள், இவ்வளவு பெட்டியின் அழகு, இவ்வளவு கடையின் சேவை, இவ்வளவு பிராண்டின் பெயர் என்று சொன்னால் வாங்குபவர் வாங்குவார், இல்லை விடுவார். எல்லாவற்றையும் 'சவுண்ட்' என்று சொல்லி விற்கும்போதுதான் பொய் நுழைகிறது.

இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. விமர்சகர்கள் பொருளைக் கிட்டத்தட்ட டீலர் விலைக்கே வாங்கிக்கொள்ளும் சலுகை இந்தத் துறையில் ரொம்பக் காலமாக இருப்பது. 10,000 டாலர் ஆம்ப்ளிஃபயரை 5,500-க்கு வாங்கியவர், "விலைக்குத் தகுந்த மதிப்பு" என்று எழுதும்போது எந்த விலையைச் சொல்கிறார்? கட்டுரையின் கடைசியில் லிஸ்ட் விலை அச்சாகிறது. அவர் கொடுத்த விலை அச்சாவதில்லை.

பழைய சாமான் சொல்லும் உண்மை

மார்ஜினை யாரும் சொல்ல மாட்டார்கள் என்றால் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு ஒரு வழி கைகொடுத்திருக்கிறது. ஒரு வருஷமே ஆன அதே மாடல், நல்ல நிலையில், பழைய சாமான் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்க. பொருளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் விலை பெரும்பாலும் பாதியை ஒட்டி வந்திருக்கும். பெட்டி கடை வாசலைத் தாண்டியதும் கடையின் பங்கு ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்குக் கீழேயும் விழுந்தால் பிராண்டின் பெயரும் கொஞ்சம் ஆவியாகியிருக்கிறது என்று அர்த்தம். கேபிள்கள் இந்தச் சோதனையில் படும் பாடு பரிதாபம்.

இன்னொரு அளவுகோல் நேரடி விற்பனை நிறுவனங்கள். 2010-ல் இரண்டு அனுபவசாலிகள் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஷிட் ஆடியோ (ஆமாம், உச்சரிப்பு அதேதான், வேண்டுமென்றே வைத்த பெயர்) டீலரே இல்லாமல் இணையத்தில் விற்று, அமெரிக்காவிலேயே செய்த ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை 99 டாலருக்குக் கொடுத்தது. ஆம்ப், டேக் மாதிரி அளந்து பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும் பொருள்களில் இந்த வழி ஜெயித்துவிட்டது. ஆப்பிள் 9 டாலருக்கு விற்கும் சின்ன ஒயர் துண்டுக்குள் இருக்கும் டேக் கூட, அளவீடுகளில் யாரும் வெட்கப்படத் தேவையில்லாதது.

ஸ்பீக்கர் கதை வேறு. அது உங்கள் அறையோடு சேர்ந்துதான் ஒலிக்கும். அதை யாராவது காட்ட வேணும், கேட்க விட வேணும், வீட்டுக்கு வந்து நகர்த்திப் பார்க்க வேணும்.

என் பழைய கடன்

இதை எழுதும் எனக்கு ஒரு யோக்கியதைப் பிரச்சினை இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

பல வருஷம் முன்னால் முதல் ஸ்பீக்கர் வாங்கும்போது ஒரு சின்னக் கடைக்கு மூணு சனிக்கிழமை போனேன். கடைக்காரர் தனி ஆள். நாலு ஜோடி மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார், காபி கொடுத்தார், என் அறையின் அளவைக் கேட்டு ஒரு காகிதத்தில் வரைந்து, சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளணும் என்று குறித்துக் கொடுத்தார். நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவர் சிபாரிசு செய்த அதே ஜோடியை ஆன்லைனில் 140 டாலர் குறைச்சலாக வாங்கினேன். கெட்டிக்காரத்தனம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். ரெண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அங்கே நெயில் சலூன் இருந்தது.

என் 140 டாலரால் கடை மூடவில்லை, தெரியும். ஆனால் என்னை மாதிரி எத்தனை பேர்? லீஜின் தீர்ப்பில் வரும் இலவசச் சவாரிக்காரன் யாரோ இல்லை, நான்தான். ஒலி நன்றாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் காகிதம். அதற்கு நான் காசு கொடுக்கவில்லை.

பெரியப்பாவுக்குச் சொன்னது

"பெரியப்பா, ஸ்பீக்கருக்கு அவர் கேட்ட விலையைக் கொடுங்க. ஆனா வீட்டுக்குக் கொண்டுவந்து வச்சு ஒரு வாரம் கேட்டுட்டுத்தான் வாங்குவேன்னு சொல்லுங்க. அந்த 2,000 அதுக்குத்தான். ஆம்ப் அவர்கிட்டயே டெமோ பீஸ் இருக்கான்னு கேளுங்க. டேக் வேண்டாம், நூறு டாலருக்கு நான் ஒண்ணு அனுப்பறேன். கேபிளை மட்டும் தொடாதீங்க."

"அறுபத்தேழு வயசுல என் காதுக்கு இதெல்லாம் தெரியுமாடா?"

நியாயமான கேள்வி. அந்த வயதில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலோருக்குக் கேட்பது குறைந்துவிடும். 'காற்றோட்டம்', 'ஜொலிப்பு' என்று விமர்சகர்கள் உருகுவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். ஆனால் ஒரு குரலின் உடம்பு, மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி எல்லாம் கீழேதான் இருக்கின்றன. அங்கே நல்ல ஸ்பீக்கரும் சரியான இடமும் யார் காதுக்கும் தெரியும். அதைச் சொன்னேன்.

கடைக்காரர் ஒத்துக்கொண்டார். தானே வேனில் கொண்டுவந்து இறக்கினார். பெரியப்பா முதலில் வைத்திருந்த மூலையைப் பார்த்ததும், "இங்கே வைத்தால் பேஸ் குமுறும்" என்று சொல்லி, சோஃபாவையே மறுபக்கம் மாற்றி, தரையில் ஒரு ஜமுக்காளம் விரிக்கச் சொன்னாராம். ரெண்டரை மணி நேரம். கேபிள் வேண்டாம் என்றபோது முகம் கொஞ்சம் சுருங்கியதாம். பிறகு வேனிலிருந்து சாதாரணத் தடி ஒயரை எடுத்து, தானே முனை சீவி மாட்டிவிட்டு, அதற்குக் காசு வாங்காமல் போனார்.

கடைசி பில் 7,400. ஸ்பீக்கர் 5,200, டெமோ ஆம்ப் 2,200. பெரியப்பா நேற்று ஃபோன் செய்தார். "அந்த ஆளுக்கு எவ்வளவுடா கிடைச்சிருக்கும்?" என்றார். ரெண்டாயிரத்து ஐநூறு இருக்கலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல, குடுக்கலாம்" என்றார். பின்னணியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனில் அது எப்படிக் கேட்கும்? தகரத்தைத் தட்டுகிற மாதிரிதான் கேட்டது.